வாதுமை பூத்த வீடு

பிரசங்கியின் நூலில் 11ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் தொடங்கி 12ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் முடியும் பகுதி, முதுமையைக் குறித்துத் திருமறையில் காணப்படும் பாடல்களுள் மிகச் செறிவுடையது. ஆயினும் நம் சபைகளில் அது அடைந்துள்ள நிலை இரங்கத்தக்கது. வாலிபர் ஞாயிறன்று 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் எடுத்தாளப்படுகிறது. அடக்க ஆராதனையில் ஏழாம் வசனம் வாசிக்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள ஐந்து வசனங்களில்தான் வீடும் தெருக்கதவும் திருகையும் பறவையும் பூத்த மரமும் உள்ளன. வாலிபனுக்கும் பிரேதத்திற்கும் பயன்பட்ட பாடல், யாரைப் பற்றிப் பாடப்பட்டதோ அவருக்கு, வீட்டுத் திண்ணையில் உயிரோடு அமர்ந்திருக்கும் முதியவருக்கு, வாசித்துக் காட்டப்படுவதில்லை.

முதுமையில் இல்லத்தில் அமைதியாக நிறைவு காண்பது எப்படி என்னும் பொருளில் அருளுரைகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஓர் அமைப்பில் அடங்கிவிடும். மாரி கழிந்தது, வசந்தம் திரும்பிற்று, பனி உருகிற்று, மொட்டு விரிந்தது. அவ்வாறே மூத்தோர் உள்ளமும் மலர்கிறது என்பார் உரையாளர். இவ்வுரையைப் பாலவனத்தத்தில் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி. அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட அவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்து தீரும். ஐப்பசியில் கரிசல் நனைந்து விதை விழுந்தால் தையில் தானியம் வரும். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். அதன் பின்னர் வெயில். சித்திரை, வைகாசியை இளவேனில் என்று நூல்கள் கூறும். அப்பருவத்தையொட்டிக் கண்மாய் வற்றத் தொடங்குகிறது, பனையில் பாளை சீவப்படுகிறது, வேம்பு தளிர்க்கிறது, அந்தியில் மல்லிகை மணக்கிறது. உருகுவதற்குப் பனியே இல்லை. திரும்பி வரும் வசந்தம் இங்கே வெயிலைக் கையோடு அழைத்துக்கொண்டே வருகிறது.

அப்படியானால் பனி உருகும் வசந்தம் நம் பிரசங்க மேடைக்கு எவ்வழியாக வந்தது? விடை அரிதன்று. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் அருப்புக்கோட்டையிலும் மண்டபசாலையிலும் தங்கி உழைத்தனர். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடம் பாஸ்டன். நீண்ட பனிக்காலத்தின் இறுதியில் முதற்பூவைக் கண்டு நன்றி கூறி வளர்ந்தவர்கள் அவர்கள். தம் ஞானப்பாட்டிலும் செபத்திலும் அந்நன்றியைச் சேர்த்துவைத்ததில் தவறில்லை. அவர்கள் இந்நாட்டு வெயிலையும் பஞ்சத்தையும் தாங்கினார்கள் என்பதை மறப்பது நன்றியன்று. ஆனால் அவர்கள் சென்ற பின்னரும், அவர்கள் நாட்டுப் பருவத்தை நம் நாட்டு முதியவர்மேல் ஏற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்கு நாமே பொறுப்பு.

பாலவனத்தம் என்றவுடன் தமிழறிந்தார்க்கு நினைவு வருபவர் அதன் ஜமீன்தாராய் விளங்கிய பாண்டித்துரைத் தேவர் (1867-1911). 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர். 1902 முதல் அச்சங்கத்தின் இதழாகச் 'செந்தமிழ்' வெளிவந்தது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் குறட்பாக்களின் எதுகை தம் செவிக்கு ஒத்துவரவில்லை எனத் திருத்தி அச்சிட்டதாகவும், தேவர் அப்படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கித் தீக்கு இரையாக்கியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. எரிக்கும் முறைக்கு நாம் உடன்படவில்லை. எனினும் ஒரு பாடலைத் தனக்குப் பழகிய ஓசைக்கு வளைப்பது அப்பாடலுக்கு இழைக்கும் தீங்கு என்பதை அச்செய்தி நன்கு உணர்த்துகிறது. பிரசங்கியின் பாடலுக்கும் அத்தகைய தீங்கு நேர்ந்துள்ளது என்பது நம் துணிபு. தேவர் 44 வயதில் மறைந்தார். முதுமையை அவர் கண்டிலர்.

முதலில் மரத்தை நோக்குவோம். ஐந்தாம் வசனத்தில் முதுமையின் அடையாளமாகப் பூக்கும் மரம் எபிரேயத்தில் 'ஷாக்கேத்'. பாலஸ்தீனத்தில் மழைக்காலம் முடியும் முன்னரே, ஏனைய மரங்கள் உறங்கிக்கிடக்கும்போது, இலையற்ற கிளையில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பது அது. விழித்திருத்தல் என்னும் பொருளுடைய சொல்லோடு அப்பெயர் ஒலியால் ஒன்றுபடுவதை வைத்தே எரேமியாவின் முதல் அதிகாரத்துக் காட்சி அமைந்துள்ளது. ஆரோனின் வறண்ட கோலில் பூத்ததும் இம்மரத்தின் பூவே. பிரசங்கியின் பாடலில் முதியவர் பறவையின் குரலுக்கே எழுந்துவிடுகிறார். உறக்கம் அத்துணை மெல்லியதாயிற்று. எல்லாரும் உறங்கும்போது விழித்திருக்கும் மரமும், எல்லாரும் உறங்கும்போது விழித்திருக்கும் முதியவரும் அடுத்தடுத்த அடிகளில் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று.

நம் திருமறை இதனை 'வாதுமை' என மொழிபெயர்த்தது. சொல் சரியே. ஆனால் நம் கேட்போர் அறிந்த வாதுமை, பள்ளிக்கூட முற்றங்களில் அகன்ற இலையோடு நிழல் தரும் நாட்டு வாதுமை. அதன் பூவை எவரும் நின்று பார்த்ததில்லை. ஆகவே நரைத்த தலையும் பூத்த கிளையும் ஒருங்கே கண்முன் தோன்ற வேண்டிய இடத்தில் கேட்போர் மனத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை. மொழிபெயர்ப்பை மாற்றுக என்பது நம் கோரிக்கையன்று. விளக்கியுரைப்போர் வாசலுக்கு வெளியே ஒருகால் பார்த்தல் வேண்டும் என்பதே. பாலவனத்தத்தில் மாசி மாதத்தில் வேம்பு இலையுதிர்த்து நிற்கும். பங்குனியில் செம்புநிறத் தளிர் விட்டு, அடுத்துச் சிறு வெண்பூக்களாய்ச் சொரியும். முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் அப்பூவைக் கூட்டி அள்ளிக் காயவைப்பவர் பெரும்பாலும் வீட்டின் மூத்தவளே. கசப்பும் இனிப்பும் சேர்த்துச் சித்திரை முதல் நாளில் உண்ணும் வழக்கமும் தமிழ்நாட்டினதே. வெண்மை, முதுமை, கசப்பு, வீடு ஆகிய நான்கையும் ஒரு பூவில் காட்ட இயலும் நாட்டில் நாம் பனிமலரைத் தேடிச் செல்கிறோம்.

அதே வசனத்தில் வேறொரு தாவரமும் உண்டு. எபிரேயத்தில் 'அபியோனா' எனப்படும் அதனைச் செப்துவஜிந்த் என்னும் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கப்பாரிஸ்' என்றது. அதன் மொட்டும் கனியும் பசியைத் தூண்டும் எனக் கருதப்பட்டன. நம் பழைய திருப்புதல் செடியை விட்டுப் பசியை மட்டும் எடுத்துக்கொண்டது. அக்கப்பாரிஸ் இனத்தைச் சேர்ந்த ஆதொண்டை நம் வறண்ட நிலத்து முட்புதர்களில் கொடியாய்ப் படர்ந்து கிடக்கிறது. எபிரேயப் புலவன் கண்ட செடியின் உறவு நம் வேலியோரத்தில் இருக்கிறது என்பதைத் தமிழ்க் குருமாணவர் எத்தனை பேர் அறிவர்?

இரண்டாம் வசனத்தில் மழைக்குப்பின் மேகங்கள் திரும்பி வருவதாக ஓரடி வருகிறது. வானம் பார்த்த பூமியில் மேகம் திரும்பி வருவது நற்செய்தியன்றோ, இதனைத் துயரத்தின் படிமமாக எப்படிக் கேட்பார்கள் என முதலில் தோன்றும். ஆனால் கரிசற்காட்டு விவசாயி அவ்வளவு எளிதில் ஏமாறுபவர் அல்லர். ஐப்பசி மேகம் வேறு, மாசி மேகம் வேறு என்பது அவருக்குத் தெரியும். வெடித்த பருத்தியின்மேல் பருவந்தவறிய மழை விழுந்தால் பஞ்சு கறைபட்டு விலை இழக்கும். களத்தில் பயறு கிடக்கும்போது வானம் இருண்டால் வயிறு கலங்கும். உழைத்துப் பயன் கைக்கு வரும் வேளையில் திரும்பி வரும் மேகமே பிரசங்கியின் மேகம். ஓய்வுக்காலம் வந்துவிட்டது என்று அமரும்போது நோய் வருகிறது, அல்லது கடன் வருகிறது, அல்லது மகன் இறந்த செய்தி வருகிறது. இவ்வடியை விளக்கப் பாலவனத்தத்து விவசாயிக்கு உரைநூல் வேண்டுவதில்லை. மழை அக்டோபரில் தொடங்கி வேனில் வறண்டு முடியும் பாலஸ்தீனத்து ஆண்டுக்கணக்கு, பாஸ்டனைவிட நம் கரிசலுக்கே நெருங்கியது.

இனி வீட்டை நோக்குவோம். மூன்றாம், நான்காம் வசனங்களில் வீட்டுக் காவலர் நடுங்குகின்றனர், வலியோர் வளைகின்றனர், மாவரைப்போர் சிலரே ஆனதால் ஓய்கின்றனர், பலகணி வழியே பார்ப்போர் இருளடைகின்றனர், தெருக்கதவுகள் அடைபடுகின்றன. தால்மூத் காலந்தொட்டு இவை உடலுறுப்புகளாகவே விளக்கப்பட்டு வந்துள்ளன: வலியோர் கால்கள், மாவரைப்போர் பற்கள், பலகணியில் பார்ப்போர் கண்கள். நம் மேடைகளிலும் இதுவே வழக்கம். பற்கள் என்று கூறியவுடன் சபையில் சிறு நகையொலி எழும், பிரசங்கியாரும் மகிழ்வார். இவ்விளக்கம் முற்றும் பிழை என நாம் கூறவில்லை. ஆனால் அது பாடலின் பாதியை விழுங்கிவிடுகிறது. 1975இல் ஜான் சாயர் என்னும் ஆய்வாளர் இப்பகுதியைப் பாழடைந்த வீட்டின் பாடலாகவே படிக்க வேண்டும் என வாதிட்டார். 1988இல் மைக்கேல் ஃபாக்ஸ், பாடலை ஒரே சாவியால் திறக்க முயல்வதன் குறையை எடுத்துக்காட்டினார். இவ்வாதங்கள் நம் வகுப்பறைகளை எட்டிய அளவு சபைகளை எட்டவில்லை.

ஒரு செய்தியை மட்டும் ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம். மாவரைப்போர், பலகணியில் பார்ப்போர் ஆகிய இரு சொற்களும் எபிரேயத்தில் பெண்பாலில் உள்ளன. அரைக்கும் பெண்களும் பார்த்திருக்கும் பெண்களும் பாடலில் உயிரோடு இருக்கின்றனர். அவர்களைப் பல்லாகவும் கண்ணாகவும் மாற்றியபோது, வீட்டில் உழைத்துத் தேய்ந்த பெண்களை ஓர் ஆணின் முகத்துக்குள் அடக்கிவிட்டோம். நம் ஊர்களில் கம்பு குத்திய உலக்கையின் ஓசையும் திருகையின் ஓசையும் ஓய்ந்தது மின்சார அரைவை ஆலைகளால். அது பெண்களின் தோளுக்கு விடுதலை, அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் வீட்டில் ஓசையே ஓய்ந்தது வேறு காரணத்தால். மக்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் அரபு நாடுகளுக்கும் சென்றனர். அரைப்போர் சிலரே ஆயினர் என்னும் அடியின் நேர்ப்பொருள் இதுவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். அவருள் கணவனை இழந்து தனித்திருக்கும் பெண்களைத் தேடி எந்தக் குருவானவரும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தம் சபைப் பதிவேட்டைப் புரட்டினாலே போதும்.

நம் பண்டை இலக்கியம் இவ்விடத்தில் பெருந்துணை செய்கிறது. தமிழ் அகமரபில் இல்லத்தில் ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரியது. அதன் பெரும்பொழுது கார். தலைவன் மீள்வது மழையோடு. இளவேனிலோ பாலைப்பாடல்களில் பிரிவைக் கூர்மையாக்கும் பருவமாக வருகிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற்பத்து' என்றே ஒரு பத்து உண்டு. குயில் வந்தது, பூ வந்தது, வர வேண்டியவர் மட்டும் வரவில்லை என்னும் வருத்தமே அதன் உள்ளுறை. வசந்தம் வந்தவுடன் உள்ளம் நிறையும் என்பது நம் மரபின் முடிவன்று. வசந்தம், யார் இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும் பருவம். விருதுநகர் வட்டாரத்தில் பங்குனிப் பொங்கலுக்கும், கிறிஸ்தவ வீடுகளில் உயிர்த்தெழுந்த திருநாளுக்கும் பிள்ளைகளை எதிர்நோக்கி இருக்கும் முதியோர் இதனை எவரும் கற்பிக்காமலே அறிவர். வேம்பு பூத்துவிட்டது, பேருந்திலிருந்து இறங்குவோருள் நம் பிள்ளை இல்லை. இவ்வுணர்வைக் கடிந்து, எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று கூறி மறுவீடு செல்லும் ஊழியத்தை நாம் ஊழியம் என்று கருதவில்லை.

எனினும் தமிழ் மரபு முதுமையில் நிறைவை அறியாததன்று. தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு நூற்பா, காமம் நிறைந்து கழிந்த பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் காவலாய் அமைந்த மக்களோடும் அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்ததைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்று கூறுகிறது. வடநூலார் கூறும் நிலைகளில் இல்லறத்தை அடுத்து வருவது காடு. இந்நூற்பாவில் காடு இல்லை; மனைவி இருக்கிறாள், மக்கள் இருக்கின்றனர், சுற்றம் இருக்கிறது. ஆனால் நூற்பா எதனை நிபந்தனையாக வைக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். நிறைவு முதியவரின் தனி மனப்பயிற்சியால் விளைவதன்று. காக்கும் மக்களும் அறம்புரியும் சுற்றமும் சூழ்ந்திருக்க விளைவது. அச்சூழல் இல்லாத இடத்தில் நிறைவை மட்டும் கேட்பது, விதை தராமல் விளைச்சல் கேட்பதை ஒக்கும்.

திருச்சுழிக்காரர் ஒருவர் வரலாறும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1879இல் அவ்வூரில் பிறந்த ரமணர் 1896இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்தார். அவரைத் திரும்ப அழைத்தும் வராத மகனிடம் 1916இல் தாய் அழகம்மாள் தாமே சென்று தங்கினார்; அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கவும் தொடங்கினார். 1922இல் மகன் அருகிலிருக்க அவர் மறைந்தார். வீடு எங்கே என்னும் வினாவுக்கு அம்மூதாட்டி தந்த விடை நம் இறையியலார் கருதத்தக்கது. வீடு விட்டு வந்தவனிடத்திலேயே அவர் ஒரு வீட்டை உண்டாக்கிவிட்டார்.

பிரசங்கி தரும் நிறைவு எத்தகையது? வெளிச்சம் இனிது, சூரியனைக் காண்பது கண்களுக்கு நலம் என்னும் கருத்தோடு பாடல் தொடங்குகிறது. பல ஆண்டு வாழ்பவர் அவை அனைத்திலும் மகிழட்டும், இருளின் நாட்களையும் நினைக்கட்டும் என்கிறது அடுத்த வசனம். இரண்டும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. இருளை மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டும் அருளுரையில் பிரசங்கிக்குப் பங்கில்லை. நான்காம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்திலோ, அலைச்சலோடு வரும் இரு கைப்பிடியைவிட அமைதியோடு வரும் ஒரு கைப்பிடி மேல் என்னும் கணக்கு உள்ளது. ஒரு கைப்பிடி! இதனைப் பலர் போதுமென்ற மனத்துக்குச் சான்றாகக் காட்டுவர். நாமும் மறுக்கவில்லை. ஆனால் வசனம் வெறுங்கையைப் புகழவில்லை என்பது நோக்கற்பாலது. அந்த ஒரு கைப்பிடி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2011இல் மாதம் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அத்தொகை பல வீடுகளில் அந்த ஒரு கைப்பிடியாக இருந்து வருகிறது. அதைப் பெறுவதற்குரிய தாள்களை எழுதிக் கொடுக்கும் சபைப்பிள்ளை, மனநிறைவு பற்றி முக்கால் மணிநேரம் பேசுவோரைவிடப் பிரசங்கியை நன்கு விளங்கிக்கொண்டவர் என்பது நம் கருத்து. பவுலடியார் மனநிறைவைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதியதும், அவர்கள் அனுப்பிய உதவி கைக்கு வந்து சேர்ந்த பின்னரே அன்றோ!

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதற்கு இடம் எது என்பதையும் கூறி அமைவோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) இயற்றி 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் முதற்பகுதியைத் தழுவியது. அக்கதை வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு ஒருவன் ஓடுவதில் தொடங்குகிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் சிறப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. தமிழுக்கு அது அணி. ஆயினும் நம் பக்தி மரபில் யாத்திரை புறப்படுதலுக்குக் கிடைத்த மதிப்பு, யாத்திரை முடிவில் காத்திருத்தலுக்குக் கிடைக்கவில்லை. அக்காத்திருத்தலை விரித்துக் காட்டுவது 1684இல் பனியன் எழுதிய இரண்டாம் பகுதி. அங்கே கிறிஸ்தியானாளும் அவளோடு வந்தோரும் பியூலா நாட்டில் தங்குகின்றனர். ஆற்றங்கரை, பூக்கள், உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்து வசந்தம். அக்கரை நகரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் தபால் வருகிறது. கடிதம் மெய்யானதே என்பதற்கு ஓர் அடையாளமும் உடன் வருகிறது. அவற்றுள் பல அடையாளங்களைப் பனியன் எடுத்தது நாம் ஆராய்ந்த பிரசங்கியின் 12ஆம் அதிகாரத்திலிருந்தே: ஒருவருக்கு உடைந்த பொற்கிண்ணம், ஒருவருக்குப் பாரமான வெட்டுக்கிளி, ஒருவருக்கு ஊற்றருகே நொறுங்கிய குடம்.

பனியன் செய்தது மிகத் துணிவான உரை. முதுமையின் இழப்புகளாகப் பிரசங்கி அடுக்கியவற்றை அவர் மறுக்கவுமில்லை, இனிப்பாக்கவுமில்லை. அவற்றைப் பெயர் எழுதிய கடிதத்தின் முத்திரைகளாக மாற்றினார். தளர்ந்த காலும் மங்கிய செவியும், உன்னை மறக்கவில்லை என்னும் செய்தியின் சான்றுகள் ஆயின. மேலும் பியூலாவில் எவரும் தனித்துக் காத்திருப்பதில்லை. கடிதம் வந்தவரைச் சுற்றி ஏனையோர் கூடுகின்றனர்; அவர் சொல்வதைக் கேட்கின்றனர்; ஆறுவரை உடன் செல்கின்றனர். தொல்காப்பியர் கூறிய அறம்புரி சுற்றம் இதுவன்றி வேறென்ன? நேர்மையர் என்னும் கிழவருக்குக் கடிதம் வந்தபோது அவர் உயில் எழுத மறுக்கிறார். எழுதுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, நேர்மை மட்டுமே உண்டு, அதுவும் தம்மோடு வரும் என்கிறார். அன்று ஆறு சில இடங்களில் கரைபுரண்டு ஓடிற்று. நல்மனச்சாட்சி என்பவரை அக்கிழவர் முன்னமே அங்கு வந்து சந்திக்கும்படி கேட்டிருந்தார். அவர் வந்து கைகொடுத்து ஆற்றைக் கடக்கச் செய்தார்.

'மோட்ச பிரயாணம்' என்னும் பெயரோடு இக்கதை தமிழ் வீடுகளில் நெடுங்காலம் உரத்து வாசிக்கப்பட்டது. எழுத்தறியாப் பாட்டிக்குப் பேரப்பிள்ளை வாசிக்கும் வழக்கம் அது. கண் மங்கியவருக்கு இன்று பங்குனி மாலையில், தெருக்கதவைத் திறந்துவைத்து, பிரசங்கியின் அந்த ஐந்து வசனங்களையும் பியூலா நாட்டுப் பகுதியையும் வாசித்துக் காட்டுவதற்கு அரை மணிநேரம் போதும். வாசிப்பவர் நடுவில் நிறுத்தி விளக்கம் கூற முற்படாதிருப்பாராக, கேட்பவரே விளக்குவார்.